காதுக்கு வெளியே கொம்பு

நார்பர்ட் க்விட்டைப் பொறாமைக்காரர் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். விஸ்கான்சினில் நாங்கள் இருக்கிற இந்த மூலையில், பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுத்து சீஸ் ஆலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற லாரி அவருடையது. பனி கொட்டினாலும் சரி, பாதை உறைந்து கண்ணாடியாகக் கிடந்தாலும் சரி, சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பார். அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். சர்ச்சில் கடைசி வரிசையில் உட்காருவார். "தங்கமான மனுஷன்" என்பார்கள். தங்கம்தான், யார் இல்லை என்றது? ஆனால் அந்தத் தங்கத்தின் வயிற்றுக்குள் ஒரு அடுப்பு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. அதற்கு விறகு போட்டவர் மச்சான் கிளேட்டன்.

நார்பர்ட் ஆறு பையன்களில் கடைக்குட்டி. அப்பாவுக்கு உருளைக்கிழங்கு விவசாயம். அண்ணன்மார் எல்லாரும் போட்டுத் தேய்த்த பூட்ஸ்தான் அவர் காலுக்கு வரும். அதுவும் யாரோ ஒருவன் கால் வாசனையோடு வரும். "எனக்கு" என்று புதிதாக ஒன்று அவர் கையில் வந்தது கல்யாணத்தின்போதுதான் என்று நினைக்கிறேன். ரோசலி நல்ல பெண். சிரித்த முகம், கொஞ்சம் நீளமான நாக்கு. அவளுடைய அப்பா காலமான பிறகு சொத்து பிரிந்தது. ரோசலிக்கு வீடும், அதை ஒட்டிய மக்காச்சோள வயலும், வயலோரம் கைக்குட்டை அளவுக்கு ஒரு மரக்கூட்டமும். அண்ணன் கிளேட்டனுக்கு அதற்குப் பின்னால் கிடந்த பெரிய சதுப்பும் காடும். வீடு இவர்களுக்கு, காடு அவருக்கு. நியாயமான பங்குதான், நார்பர்ட்டே கையெழுத்துப் போட்டார்.

மானுக்கு இந்தப் பத்திரமெல்லாம் தெரியுமா? பகலெல்லாம் கிளேட்டனின் சதுப்பில் படுத்துக் கிடக்கும். வெயில் சாய்ந்ததும் எழுந்து நார்பர்ட்டின் சோளத்தை மேய வரும். விடிகிற நேரத்தில் வயிறு நிறைந்து மறுபடி சதுப்புக்குத் திரும்பும். தின்பது இங்கே, சாவது அங்கே.

இதுவரைக்கும்கூடப் பொறுத்துக்கொண்டிருந்திருப்பார். கிளேட்டன் கொண்டுவந்த ஒப்பந்தம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. மாடு வளர்க்கிற வெர்லினின் கொட்டகையில்தான் நாங்கள் எல்லாரும் சுட்ட மானைக் கொண்டுவந்து தொங்கவிடுவது வழக்கம். ஒரு வருஷம் அங்கே கிளேட்டன் எழுந்து நின்று பிரசங்கம் பண்ணினார். கொட்டகையில் அன்று தொங்கியதெல்லாம் விரல் நீளக் கொம்பு வைத்த சின்னக் கடா மான்கள்.

"பால் பிடிக்கிறதுக்கு முன்னாடியே கதிரை ஒடிக்கிறவன் விவசாயியாய்யா? ஒன்றரை வயசுக் கடாவைச் சுட்டுட்டு, வேட்டைக்காரன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்கிறீங்க. விடுங்க, வளரட்டும். நாலு வருஷம் விட்டுப் பாருங்க, இந்தக் காட்டுல எப்படிக் கடா திரியுதுன்னு."

ஸ்கூல் பஸ் ஓட்டுகிற இர்மா கையிலிருந்த பீர் டப்பாவைக் கீழே வைத்தாள். "கொம்பை என்ன, சூப் வைக்கப் போறியா? சின்னக் கடா கறி வெண்ணெய் மாதிரி கரையும். நீ சுவத்துல மாட்டியிருக்கியே ஒரு கிழம், அதை மெல்லணும்னா எனக்கு இன்னொரு செட் பல்லு வேணும்."

"வயித்தைத் தவிர வேற ஒண்ணும் தெரியாது உனக்கு."

"தெரியாதுதான். எல்லாச் சின்னதையும் விட்டுட்டா காடு கொள்ளாதே, அதுக்கு என்ன பண்ணுவ?"

"பெட்டையைச் சுடு. பெட்டை குறைஞ்சாத்தான் கூட்டம் குறையும். கடாவை எவ்வளவு சுட்டாலும் குறையாது."

"மானுக்கு வர்ற அந்த மூளை நோய்? வயசான கடாதான் அதை ஊரெல்லாம் சுமந்துக்கிட்டுப் போவுதுன்னு அதிகாரிங்க சொல்றாங்களே?"

"இர்மா, நீ பஸ்ஸை ஓட்டு" என்றார் கிளேட்டன். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்போடு சிரிப்பாக ஒப்பந்தமும் முடிவாகிவிட்டது.

சட்டப்படி சின்னக் கடாவைச் சுடத் தடை கிடையாது. இது எங்களுக்குள் வைத்துக்கொண்டது. மான் காதை விறைத்து நிற்கும்போது கொம்பு அந்தக் காதுக்கு வெளியே விரிந்திருந்தால் சுடலாம். காதுக்கு உள்ளே இருந்தால் விட்டுவிட வேண்டும். மீறினால் வெர்லின் கொட்டகையில் எல்லார் முன்னாலும் சட்டையின் பின்தொங்கலை வெட்டிச் சுவரில் ஆணி அடிப்பார்கள். எங்கள் பக்கம் குறி தவறினவனுக்குத்தான் சட்டை வெட்டுவது, அதையே இதற்கும் வைத்துக்கொண்டோம். அதுகூடப் பரவாயில்லை. அதற்கடுத்த இரண்டு வருஷம் அவன் பெட்டையை மட்டும்தான் சுடலாம், கடாப் பக்கம் துப்பாக்கியை நீட்டக்கூடாது.

எல்லாரையும்விட ஒழுங்காக இதைக் கடைப்பிடித்தவர் நார்பர்ட். சோளத்தை முடித்துவிட்டு விடிகாலையில் வயலோர மரத்தில் கட்டிய அவருடைய பரணுக்கு அடியில் எத்தனை சின்னக் கடா போயிருக்கும்! எல்லாவற்றையும் விட்டார். அவை வளர்ந்தன. வளர்ந்து, பெரிசாகி, புத்தி வந்து, பகலில் வெளியே தலைகாட்டாமல் சதுப்புக்குள்ளேயே இருக்கப் பழகின. கிளேட்டன் அங்கே உட்கார்ந்து சுட்டார்.

நவம்பர் கடைசியில் நன்றி நாள் விருந்து எப்போதும் கிளேட்டன் வீட்டில்தான். சாப்பாட்டு மேஜைக்கு மேலே வரிசையாக மான் தலைகள். நார்பர்ட் வான்கோழியை மென்றுகொண்டே ஒவ்வொன்றாக அடையாளம் பார்ப்பார். இது நான் கண்ணாலே பார்த்து விட்டது. அதோ அது என் பரணுக்குக் கீழே நின்று தும்மியது. அந்த மூலையில் இருப்பது என்னைப் பார்த்துவிட்டு ஓடாமல் சோளம் தின்றது.

"என்ன மாப்ள, இன்னும் ரெண்டு துண்டு வைக்கட்டுமா?" என்பார் கிளேட்டன்.

"போதும் மச்சான், வயிறு நிறைஞ்சிடுச்சு."

வயிறு நிறைந்ததா, எரிந்ததா என்பது ரோசலிக்குத் தெரியும். காரில் திரும்பும்போது சொல்வாள்: "அண்ணன் நீங்க விட்டதையெல்லாம் திருடிக்கிட்டா போறார்? நம்ம வேலியைத் தாண்டி அது தன்னாலேதானே போகுது." நார்பர்ட் ஹீட்டரைக் கூட்டி வைப்பார்.

இப்படி இருக்கும்போதுதான் கிழிகாதன் வந்தான். ஒரு ஜூன் மாதம், வயலோர முள்கம்பி வேலியில் ஒரு குட்டி மான் மாட்டிக்கொண்டு கத்தியது. நார்பர்ட் லாரியை நிறுத்திவிட்டு ஓடிப்போய்க் கம்பியை அறுத்து விட்டார். அவசரத்தில் அதன் இடது காது நுனியிலிருந்து பாதிவரைக்கும் கிழிந்துவிட்டது. பாவம், ரத்தம் சொட்டச் சொட்ட ஓடியது. மறுவருஷம் கோடையில் வயலோரம் ஒரு சின்னக் கடா நின்றது. தலையில் முளைவிடும் கொம்பு, இடது காது இரண்டாகப் பிளந்து தொங்கியது. நார்பர்ட்டுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இவன் என்னுடையவன் என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டார். வளரட்டும், கொம்பு காதுக்கு வெளியே வரட்டும். அண்ணன் போட்டுத் தேய்க்காத, மச்சான் கை படாத ஒரு கடா, ஒன்றே ஒன்று, தன் பரணில் இருந்து தன் குண்டுக்கு விழ வேண்டும். வாழ்க்கையில் அவர் கேட்டது அவ்வளவுதான்.

அந்த வருஷ வேட்டை தொடங்கிய சனிக்கிழமை நல்ல குளிர். தரையில் லேசாகப் பனி தூவியிருந்தது. நார்பர்ட் வேட்டைக்காரர் எல்லாரும் போடுகிற ஆரஞ்சுச் சட்டையோடு, காலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு பரணில் உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் வந்து கொஞ்ச நேரத்தில் கிழிகாதன் வந்தான். இரண்டு பக்கமும் கவட்டைக்கோல் மாதிரி சின்னக் கொம்பு, நன்றாகக் காதுக்கு உள்ளே.

"போடா கண்ணா, போ. ரெண்டு வருஷம் கழிச்சு வா" என்று முணுமுணுத்தார். கிழிகாதன் வாலை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு நடந்து மறைந்தான்.

கொஞ்ச நேரத்தில் சதுப்புப் பக்கமிருந்து ஒரு வெடி. பிறகு நார்பர்ட்டின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. கிளேட்டன் படம் அனுப்பியிருந்தார். மண்டியிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் கொம்பைப் பிடித்து, பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்பு. அந்தக் கடாவின் முன்னங்கால் ஒன்று முட்டிக்குக் கீழே வெள்ளை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நார்பர்ட் விட்டது, சந்தேகமே இல்லை. படத்துக்குக் கீழே எழுதியிருந்தார்: "நீ பாலூத்தி வளர்த்த பிள்ளை, கடைசியில தாய்மாமன் வீட்டைத் தேடி வந்துருச்சு மாப்ள. ரொம்ப நன்றி!"

என்ன கொழுப்பு பாருங்கள்! நார்பர்ட்டுக்குக் காது மடல் வரை சூடு ஏறியது. போனை உள்ளே போடக்கூடக் கை வரவில்லை. நான் விட வேண்டியது, அவர் சுட வேண்டியது. நான் காவல்காரன், அவர் முதலாளி. அந்த ஆளுக்கு நான் ஆயுசு பூராவும் மான் மேய்க்கிறேனா?

சரியாக அந்த நேரம் பார்த்துச் சோளத்தட்டைக்குள்ளிருந்து இன்னொரு கடா வெளியே வந்தது. இரண்டு காதும் முழுசாக இருந்தன, அதைப் பார்த்துக்கொண்டார். கொம்பு ஒல்லியாக, கவட்டை கவட்டையாக, காதுக்கு நன்றாக உள்ளே. சின்னக் கடா. விட வேண்டிய கடா. விட்டால் இரண்டு வருஷம் கழித்து இதுவும் அந்த மேஜைக்கு மேலே தொங்கும். இதற்குக் கீழே உட்கார்ந்து நானும் வான்கோழி தின்பேன்.

சுட்டுவிட்டார்.

போன் பண்ணியதும் ரோசலி இழுவைப் பலகையோடு வந்தாள். விழுந்து கிடந்ததைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"என்னங்க இது? கொம்பு காதுக்குள்ளதானே இருக்கு? தெரியாம சுட்டுட்டீங்களா?"

"தெரிஞ்சுதான் சுட்டேன். உங்கண்ணன் சுவத்துக்குப் போறதுக்கு நம்ம ஃப்ரீசருக்கே போகட்டும்."

ரோசலி இழுவைப் பலகையைக் கீழே போட்டாள். "சரி. இனி ரெண்டு வருஷத்துக்கு நீங்க கடா சுட முடியாதே, உங்க கிழிகாதன் என்ன ஆவான்?"

அது அதுவரைக்கும் அவருக்கு உறைக்கவே இல்லை. இரண்டு வருஷம். கிழிகாதன் வளர்ந்து வந்து நிற்கும்போது தன் கை கட்டிப்போட்டிருக்கும், கிளேட்டன் கை கட்டில்லாமல் இருக்கும். நார்பர்ட் பனியிலேயே உட்கார்ந்துவிட்டார். பொறாமையில் தன் கண்ணைத் தானே குத்திக்கொண்டோம் என்று புரிந்தது. ஆனால் செத்த மானை எழுப்பி அனுப்ப முடியுமா?

வெர்லின் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனபோது எல்லாரும் வந்துவிட்டிருந்தார்கள். வெள்ளைக்கால் கடா நடுவில் ஜம்மென்று தொங்கிக்கொண்டிருந்தது. நார்பர்ட் கொண்டுவந்ததைப் பார்த்ததும் எல்லாரும் ஒதுங்கி வழி விட்டார்கள். கிளேட்டன் மட்டும் ஆணியில் மாட்டியிருந்த கத்தரிக்கோலை எடுத்து, சரக் சரக்கென்று காற்றை வெட்டிக்கொண்டே வந்தார்.

"தங்கமான மனுஷன்னு சொன்னாங்களே, எங்கடா துரு ஏறிச்சு? சட்டையை வெளிய எடு மாப்ள. நல்ல கம்பளிச் சட்டையா வேற போட்டிருக்க."

"கொஞ்சம் இரு கிளேட்டன், இப்பவே என்ன அவசரம்? முதல்ல பல்லைப் பாருங்க, அப்புறம் சட்டையை வெட்டலாம்" என்றாள் இர்மா.

மானின் வயதைப் பல் தேய்மானம்தான் சொல்லும். வெர்லின் கன்னத்தை விலக்கி, டார்ச் அடித்துத் தாடைக்குள் பார்த்தார். விரலை விட்டுத் தடவினார். மறுபடி பார்த்தார். "எல்லாரும் இங்க வாங்கப்பா" என்றார்.

கடைவாய்ப் பற்கள் ஈறோடு ஈறாகத் தேய்ந்து தட்டையாக இருந்தன.

"இது சின்னக் கடாவே இல்ல. கிழவன். வயசாகிக் கொம்பு சுருங்கிப்போன கிழவன். சின்னப் பையன் வேஷம் போட்டுக்கிட்டு நம்ம எல்லாரையும் எத்தனை வருஷம் ஏமாத்தியிருக்கான் பாரு! நார்பர்ட், உனக்கு எப்படிய்யா தெரிஞ்சுது?"

எல்லார் கண்ணும் நார்பர்ட் மேல். கிளேட்டன் கையில் கத்தரிக்கோல் திறந்தபடியே நின்றது. நார்பர்ட் வாயைத் திறந்தார். உண்மையைச் சொல்லத்தான் திறந்தார் என்று நான் நம்புகிறேன். ஆனால் கிளேட்டனின் முகம் எதிரே இருந்தது.

"நடையைப் பார்த்தேன்" என்றார்.

"நடையையா?"

"ஆமா. வயிறு தொங்கிச்சு. முதுகு குழிஞ்சிருந்துச்சு. முகம் நரைச்சிருந்துச்சு." எதிரே தொங்கிய மானைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னார். ரோசலி கையிலிருந்த காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள்.

அப்புறம் கேட்க வேண்டுமா? ஆளாளுக்கு வந்து முதுகில் தட்டினார்கள். வெள்ளைக்காலின் பல்லைப் பார்த்த வெர்லின் "மூணரை" என்று சொன்னது யார் காதிலும் விழவில்லை. கிளேட்டன் கத்தரிக்கோலை மறுபடி ஆணியில் மாட்டினார். சிரித்துக்கொண்டுதான் மாட்டினார், ஆனால் காது இரண்டும் சிவந்திருந்தன. அந்தச் சிவப்பு நார்பர்ட்டுக்குத் தெரியாதா? தினமும் தன் முகத்தில் பார்த்து வளர்ந்தவர்.

அந்த வருஷம் முழுக்க நார்பர்ட்டுக்கு ராஜ வாழ்க்கை. வெள்ளிக்கிழமை இரவு ஊர் கூடிச் சாப்பிடுகிற மீன் வறுவலுக்குப் போனால் யாராவது ஒருவர் பிராந்தி வாங்கிக் கொடுத்து, "அந்த நடையைக் கொஞ்சம் சொல்லு" என்பார்கள். சொல்வார். சொல்லச் சொல்லப் புதிது புதிதாக வந்தது. கிழவன் கால் வைக்கும் விதம், கழுத்தைத் திருப்பும் விதம், மூச்சு விடும் விதம்கூட. கிளேட்டன் நேரங்கெட்ட நேரத்தில் போன் பண்ணுவார்.

"மாப்ள, நடைன்னியே, முன்னங்காலா பின்னங்காலா?"

"அதெல்லாம் சொல்லி வராது மச்சான். பார்க்கப் பார்க்கத்தான் வரும்."

மறுமுனையில் பெருமூச்சு கேட்கும். நார்பர்ட் போனை வைத்துவிட்டுத் தனியாகச் சிரிப்பார்.

கோடையில் ஒப்பந்தத்தையே மாற்றினார்கள். கடா கிழடு என்று நிச்சயமாகத் தெரிந்தால் காதைப் பார்க்க வேண்டியதில்லை, சுடலாம். பல் பார்த்துத் தப்பென்று தெரிந்தால் மட்டும் கத்தரிக்கோல். "நார்பர்ட் கண்ணு நமக்கும் வரட்டும்" என்று வெர்லின் சொன்னார். கிளேட்டன் முதல் ஆளாகக் கையைத் தூக்கினார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் ரோசலி பிடித்துக்கொண்டாள். "போதும், சொல்லிடுங்க. இது எங்கேயோ போய் முட்டப் போகுது."

"ஒரு வருஷமாவது என்னைப் பெருமையா இருக்க விடு ரோசலி."

அவள் விட்டுவிட்டாள். கடைக்குட்டிப் பிள்ளையைக் கட்டிக்கொண்டவள் அல்லவா!

இலையுதிர் காலத்தில் மரத்தில் கட்டியிருந்த கேமராவில் கிழிகாதன் விழுந்தான். அடடா, என்ன வளர்த்தி! கொம்பு விரிந்து காது நுனியைத் தொடுகிற அளவுக்கு வந்திருந்தது. இன்னும் ஒரு விரல் பாக்கி. இன்னும் ஒரு வருஷம். நார்பர்ட்டால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. மீன் வறுவல் மேஜையில், கிளேட்டன் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது, போனில் இருந்த படத்தைச் சுற்றுக்கு விட்டார்.

"இவன் இந்த வருஷம் ஆகமாட்டான். அடுத்த வருஷம் பாருங்க, என் பரணுக்கு நேரா வந்து நிப்பான். அவன் நடை எனக்கு அத்துப்படி."

படம் கிளேட்டன் கைக்குப் போனது. அவர் வெகுநேரம் பார்த்தார். "நல்ல பிள்ளை" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

வேட்டை தொடங்கிய அன்று காலை கிழிகாதன் சொல்லிவைத்த மாதிரி பரணுக்கு அடியில் வந்து நின்றான். அவ்வளவு அழகு. நார்பர்ட் துப்பாக்கியைத் தொடவே இல்லை. "அடுத்த வருஷம்டா செல்லம்" என்றார். கிழிகாதன் சதுப்பைப் பார்த்து மெதுவாக நடந்து போனான்.

வெடி கேட்டதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் பரணிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கி, துப்பாக்கியை வண்டியில் போட்டு, யாருக்கும் போன் பண்ணாமல் நேரே வெர்லின் கொட்டகைக்குப் போனார். ரோசலி முன்பே வந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் வழியை மறிக்கிற மாதிரி எழுந்தாள், பிறகு விலகிக்கொண்டாள்.

கிழிகாதன் கட்டையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான். இடது காது இரண்டு கீற்றாகத் தரையைப் பார்த்துக் கிடந்தது.

"கிழடுன்னு நினைச்சேன் மாப்ள" என்றார் கிளேட்டன். யார் முகத்தையும் பார்க்கவில்லை. "நடையைப் பார்த்தேன்."

வெர்லின் தாடையை விலக்கி டார்ச் அடித்தார். பார்க்க வேண்டியதே இல்லை. பல்லெல்லாம் கூர்கூராக, புதுசாக. "ரெண்டரை" என்றார். கத்தரிக்கோலை எடுத்து நார்பர்ட் கையில் கொடுத்தார். "நீயே வெட்டுய்யா. உனக்குத்தான் பாத்தியதை."

கிளேட்டன் முதுகைக் காட்டி நின்று சட்டையை உருவி வெளியே விட்டார். எத்தனை நன்றி நாள் விருந்தில், எத்தனை வான்கோழித் துண்டுக்கு நடுவில் நார்பர்ட் இந்தக் காட்சியைக் கனவு கண்டிருப்பார்! மச்சானின் சட்டை நுனி விரலுக்கு நடுவில் இருந்தது. கத்தரிக்கோலும் இருந்தது. ஆனால் வெட்டவில்லை. பக்கத்தில் தொங்கிய அந்தக் காதைக் கத்தரிக்கோல் பிடித்த கையின் விரல் நுனியால் தொட்டார். இன்னும் சூடு ஆறவில்லை. அவர் அழுதார். எல்லார் முன்னாலும், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சின்னப் பையன் மாதிரி அழுதார்.

"மச்சான், எனக்கு நடையும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. போன வருஷம் அதைச் சின்னக் கடான்னு நினைச்சுத்தான் சுட்டேன். விட்டா வளர்ந்து உங்ககிட்ட வந்துடும்னு சுட்டேன். உங்களுக்குக் கிடைக்கக் கூடாதுன்னு சுட்டேன். அது கிழடாப் போனது என் அதிர்ஷ்டம். நான் பாட்டுக்கு உங்க எல்லார்கிட்டயும் அளந்து விட்டேன். அதை நம்பித்தானே நீங்க இவனைச் சுட்டீங்க? இவனைக் கொன்னது நான்தான்."

இர்மா கையிலிருந்த பீர் டப்பாவை மெல்லக் கீழே வைத்தாள்.

கிளேட்டன் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"நான் உன்னை நம்பிச் சுடல மாப்ள."

"என்ன?"

"காதைப் பார்த்தேன். கிழிஞ்சது நல்லாத் தெரிஞ்சுது. சின்னதுன்னும் தெரியும். அடுத்த வருஷம் உன் பரணுக்குத்தான் வரும்னு நீதானே சொன்ன." சுவரில் இருந்த ஆணியை விரலால் தடவினார். "எல்லாரும் உன்னைச் சுத்தியே நின்னாங்க. அதுவும் உனக்கே போகணுமான்னு இருந்துச்சு. அவ்வளவுதான்."

நார்பர்ட் சட்டை நுனியை விட்டுவிட்டார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. மானைத்தான் பார்த்தார்கள்.

ரோசலி முன்னால் வந்து நார்பர்ட் கையிலிருந்து கத்தரிக்கோலைப் பிடுங்கினாள். அண்ணன் சட்டையை ஒரே இழுப்பில் வெட்டினாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும் திரும்புங்க."

"ரோசலி, இது புதுச் சட்டை."

"திரும்புங்கன்னு சொன்னேன்."

அதையும் வெட்டினாள். இரண்டு துண்டையும் வெர்லினிடம் கொடுத்தாள். "அடிங்க. இவங்க ரெண்டு பேரும் ரெண்டு வருஷத்துக்குப் பெட்டை மட்டும்தான். கறி பூராவும் இர்மாவுக்கு."

"எனக்கா?" என்றாள் இர்மா.

"நீதானே சின்னக் கடா வெண்ணெய் மாதிரி இருக்கும்னு சொன்ன."

இர்மா கிழிகாதனைப் பார்த்தாள். "இது வேண்டாம் ரோசலி" என்றாள். கடைசியில் அந்தக் கறி சர்ச் மூலமாக யார் வீட்டுக்கோ போனது. கொம்பைக் கிளேட்டன் அறுத்து நார்பர்ட்டிடம் நீட்டினார், நார்பர்ட் வாங்கவில்லை. கிளேட்டனும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. இன்னும் அது வெர்லின் கொட்டகையில் சாக்குக்கடியில்தான் கிடக்கிறது.

வெர்லின் இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஆணி அடித்துவிட்டுச் சுத்தியலைக் கீழே வைத்தார். ஆட்கள் கலையத் தொடங்கினார்கள். நார்பர்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரோசலியின் பின்னால் வாசல் வரைக்கும் போனார். வாசலில் நின்று ஒருமுறை திரும்பிச் சுவரைப் பார்த்தார்.

"ஏன் வெர்லின், மச்சானோடதை மட்டும் ஏன் ஒரு விரல் மேல அடிச்சிருக்க?"